ரெஸ்டோர் மட்டும் வந்திருக்கிறது

ரெஸ்டோர். ஒரு பூண்டுப் பல்லை உரித்துக் கிண்ணத்தில் போடும்போது ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், உதடு அசையாமல், உள்ளுக்குள்ளேயே. இருக்கிறது. அடுத்த பல். ரெஸ்டோர். இருக்கிறது, போகவில்லை. ரயிலில் பர்ஸை மடியில் செருகிக்கொண்டு தூங்குகிறவர்கள் விழிப்பு வரும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. இங்கிலீஷ் மொத்தமும் போய்விட்டது. நான் சம்பாதித்து, சண்டை போட்டு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பிள்ளையின் அப்பாவைப் பிரிந்து, பாதி ஆயுசை வாழ்ந்த பாஷை, சித்திரை மாசத்தில் தென்காசிக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்த இடத்தில் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பிரஷ் தானாக விழுந்ததே, அன்றைக்குப் போய்விட்டது. மூளையில் ஒரு இடத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டன, தமிழ் ஒரு எழுத்துச் சிதறாமல் நிற்கிறது, அந்தப் பாஷை மட்டும் ஈரத் துணியால் துடைத்த சிலேட்டாகக் கிடக்கிறது, அந்தச் சிலேட்டில் இப்போது ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் வரவில்லை, பசி வரவில்லை, வீடு, வலி, நான், நீ எதுவும் வரவில்லை. மகள் என்பதற்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை, மகளோ திருவனந்தபுரத்தில் இறங்கி மலைச் சாலையில் காரில் வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு அந்தப் பாஷையைத் தவிர வேறொன்றும் தெரியாது. "ஏட்டி, சொதிக்கு எவ்வளவு பூண்டு உரிக்க? ஊருக்கே பந்தி வைக்கப் போறியா?" என்கிறாள் உலகம்மை அக்கா அடுக்களையிலிருந்து. "கைக்குப் பயிற்சிக்கா" என்கிறேன். "அப்பம் வெங்காயத்தையும் உரி, அழுதாலும் யாரும் கேக்க மாட்டாவ" என்கிறாள் அவள், தேங்காய் துருவுகிற சத்தம் நிற்காமல்.

அந்த வார்த்தை வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் கை மயிர் எழுந்து நிற்கிறது. சாரல் தொடங்கின வாரம், காற்றில் புளியமரக் கிளை முறிந்து லைனில் விழுந்து கரண்டு போய்விட்டது, மத்தியானம், கட்டிலில் படுத்துக்கொண்டு நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் இறக்கையில் தூசி படிந்திருப்பது நிற்கும்போதுதான் தெரிகிறது, துடைக்கச் சொல்ல வேண்டும், யார் ஏறுவது என்று என்னமோ ஓடிக்கொண்டிருந்தபோது இறக்கைகள் தயங்கி, இன்னும் கொஞ்சம் தயங்கி, உள்ளே யாரோ விழித்துக்கொண்ட மாதிரி அசைந்தன. என் வாய் திறந்தது. ரெஸ்டோர்ட், என்றது. நான் சொல்லவில்லை. கிணற்றுக்குள் விழுந்து எல்லோரும் மறந்துபோன குடம் ஒரு நாள் தானாக மேலே வந்து மிதந்தால் பார்க்கிறவள் எப்படி நிற்பாளோ அப்படித்தான் நான் என் வாய்க்குப் பக்கத்தில் கிடந்தேன். அக்கா ஓடி வந்தாள். "என்னட்டி சொன்ன, இன்னொரு மட்டம் சொல்லு." சொன்னேன். "ஏங்க, இங்க வாங்களேன், இவளுக்கு இங்கிலீஷ் வந்துட்டு!" அத்தான் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், சட்டை பட்டன் போடாமல் வந்து நின்று, என்னை ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்து, "ஒரு ஃபேஸ் வந்துட்டு, மத்த ரெண்டும் பின்னாலயே வந்துரும்" என்றார். வரவில்லை. அன்றைக்கு முழுக்க வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன், அந்தக் கதவு வழியாக இன்னொன்று வரும் என்று. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற ஷைனி படங்களை விரித்தாள், குடை, பசு, கோப்பை, குழந்தைகளுக்குக் காட்டுகிற படங்கள், குடையைப் பார்த்தால் குடை என்றுதான் வருகிறது, மறுபக்கம் வெறும் புகை. "அப்படின்னா ஃபேன்னு சொல்லுதாளே, கரண்டுங்கா, டாக்டருங்கா, அது இங்கிலீஷ் இல்லையா?" என்று அத்தான் ஷைனியை மடக்கப் பார்த்தார். "அதெல்லாம் தமிழாயிட்டு சார்" என்று சிரித்தாள் அந்தப் பெண். அதுதான் எனக்கு ஆச்சரியம். பஸ், லைட், டிக்கெட் எல்லாம் இந்த ஊரில் ரேஷன் கார்டு வாங்கிக் குடியேறிவிட்ட வார்த்தைகள் என்று மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிற எவனோ ஒரு அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது, அத்தனை இருட்டிலும் கார்டு பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறான், ஒன்றைக்கூடத் தப்பாகத் தூக்கவில்லை.

ஏன் இந்த வார்த்தை என்று கேட்டால் இங்கிலீஷ்காரர்கள் ஊரான லெஸ்டரில் நான் வேலை பார்த்த தண்ணீர் கம்பெனியைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். காதில் ஹெட்போன், எதிரே திரை, எங்கேயாவது குழாய் வெடித்துத் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றுபோனால் ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள், திட்டு முடிகிற வரைக்கும் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்து, சப்ளை ரெஸ்டோர் செய்யப்படும் என்று சொல்ல வேண்டும். யார் செய்வார்கள், எப்போது, எதுவும் அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனாலும் அதைச் சொன்னவுடன் திட்டினவர்கள் மெதுவாக நன்றி சொல்லிப் போனை வைப்பார்கள், எனக்கு அது முதல் வருஷம் முழுக்க மந்திரமாகத் தெரிந்தது, பிறகு மரத்துப்போனது. ஒரு கிழவர் இருந்தார், அவர் தெருவில் எப்போதும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், இருந்தாலும் கூப்பிடுவார், நான் அதைச் சொல்வேன், அவர் திருப்தியாக வைத்துவிடுவார். மனைவி போன வீடு என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். உழுது உழுது அந்த ஒரு சால் மட்டும் அவ்வளவு ஆழமாகிவிட்டது போல, வெள்ளம் மேலே எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனாலும் அதில் மட்டும் விதை தங்கிவிட்டது. அப்படியென்றால் மகளிடம், ரேவாவிடம் சொன்னதெல்லாம்? தொட்டிலில் ஆரம்பித்து, பள்ளிக்கூட வாசலில், காய்ச்சல் நெற்றியில், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுத பதினாறு வயசுக்காரியிடம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்னதெல்லாம் ஆழமில்லையா? கம்பெனிக்காரனுக்காகச் சொன்னதுதான் ஆழமா? இல்லை, அப்படி இருக்காது. பூண்டுத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது, வலது கை விரல், தோலை உணர்கிறது ஆனால் உதறத் தெரியவில்லை.

அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் இவ்வளவு காலம் பார்க்காத பக்கமெல்லாம் தெரிகிறது. புதுப்பிக்கிறது இல்லை, புதுப்பித்தால் பழையது போய்விடும். பழுது பார்க்கிறதும் இல்லை, சைக்கிளைப் பழுது பார்க்கலாம், தூக்கத்தை எப்படிப் பார்ப்பது? மீட்கிறது என்று சொல்லலாம், ஆனால் மீட்பதற்கு எதிராளி ஒருத்தன் வேண்டும், அடகுக்கடைக்காரனோ பகைவனோ, பிடுங்குகிற வேகம் அதில் இருக்கிறது. இதில் எதிராளி இல்லை. ஒன்று இருந்தது, இல்லாமல் போனது, அதே ஒன்று அதே இடத்தில் மறுபடியும். அரியணை இழந்த ராஜாவுக்கு அரியணையை, கலவரம் நடந்த தெருவுக்கு அமைதியை, கண் மங்கினவருக்குப் பார்வையை, பழைய நாற்காலிக்கு மெருகை, ஏமாந்தவனுக்கு மனுஷர்கள் மேலிருந்த நம்பிக்கையை, தொலைந்த போனிலிருந்து போட்டோக்களைப் புதுப் போனுக்கு, எல்லாவற்றுக்கும் இதே வினைதான் அங்கே. எதற்கெல்லாம் அது போய் உட்காரும் என்பது தெரிகிறது, தமிழில் தெரிகிறது, பக்கத்தில் உட்கார வேண்டிய வார்த்தைகள்தான் இல்லை. பந்தியில் ஒருத்தர் மட்டும் இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் வெற்று இலை. நம் ஊரிலானால் யாரும் எதையும் ரெஸ்டோர் செய்வதில்லை. கரண்டு வந்துட்டு என்கிறோம். அருவியில் தண்ணி வந்துட்டு. மயங்கி விழுந்தவளுக்கு நினைவு வந்துட்டு. கோபித்துக்கொண்டு போன மருமகன்கூட வந்துட்டான். போனது போன மாதிரியே தன் காலால் நடந்து வருகிறது, நாம் கதவைத் திறந்து வைத்தால் போதும். அங்கே எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இருந்து எடுத்து வைக்கிறது. எனக்கு எது நடக்கும்? கை வருமா, கால் வருமா? சிரிப்பு வருகிறது. "தனியா என்னட்டி சிரிக்க?" "ஒண்ணுமில்லக்கா." "சிரி சிரி, அந்தப் பிள்ளை வந்து இறங்கும்போதும் இப்படியே இரி. வாயைப் பொளந்துக்கிட்டு ஆஸ்பத்திரி மூஞ்சியா நிக்காத."

லெஸ்டரில் மியூசியத்துக்கு ரேவாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அவள் சின்னப் பிள்ளை, முன்பல் விழுந்திருந்தது. பெரிய ஓவியம் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், பாதிக் கடல் பழுப்பாக, பாதிக் கடல் நேற்று வரைந்த மாதிரி நீலமாக, நடுவில் நேர்க்கோடு போல அழுக்கின் எல்லை. ஒரு பெண் பஞ்சைக் குச்சியில் சுற்றி நகம் அளவுக்கு, அவ்வளவுதான், நகம் அளவுக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேவா என் கோட்டை இழுத்து, "அம்மா, அழுக்கா இருந்தப்பம் அந்த நீலம் எங்கம்மா போயிருந்துச்சு?" என்றாள். இதோ, இதுதான். இப்படியா கேட்டாள்? அவள் வாயில் இருந்தப்பம் என்ற சொல் எங்கே வந்தது? அவள் கேட்டது வேறு பாஷையில், நான் பதில் சொன்னது வேறு பாஷையில், ஆனால் நினைத்தால் அவள் தென்காசிப் பிள்ளை மாதிரிதான் பேசுகிறாள். அந்தக் கோட்டின் ஈரக் கம்பளி வாசனை அப்படியே இருக்கிறது, பல் விழுந்த சந்தில் காற்றுப் போகிற சத்தம்கூட இருக்கிறது, வார்த்தை மட்டும் மாறியிருக்கிறது. ஒன்றில்லை, எல்லாம். ஹிதேஷும் நானும் சமையலறையில் நின்று பிரிந்துவிடலாம் என்று பேசி முடித்தோமே, அவன் குஜராத்திக்காரன், நான் இந்த ஊர்க்காரி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் அந்தப் பாஷை, அவனும் இப்போது என் ஞாபகத்தில் "இதுக்கு மேல முடியாதும்மா" என்று தெளிவாகத் தமிழில் சொல்கிறான், பாவம், அவனுக்கு அவ்வளவு நல்ல உச்சரிப்பு. யார் உட்கார்ந்து இரவோடிரவாக எல்லாவற்றுக்கும் குரல் மாற்றினார்கள்? ஒரு அசைவுக்கு ஒரு அசைவு உதடு பொருந்துகிறதே. பிரமிப்பாக இருக்கிறது, ஆனால் ரேவா முதல் முதலாகப் பேசின வார்த்தை எதுவென்று எனக்கு இப்போது தெரியாது. நிலா என்று ஞாபகம் சொல்கிறது. நிலா என்று அவள் சொல்லியிருக்க முடியாது.

வீடியோவில் கூப்பிடுவாள். அக்கா மகன் முகிலன் பெங்களூரிலிருந்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டு மொழிபெயர்ப்பான். நல்ல பையன், ஆனால் கணக்குப் படித்தவன், எதையும் சுருக்காமல் அவனால் விட முடியாது. ரேவா அழுது, மூக்கைத் துடைத்து, எங்கேயோ பார்த்து, திரும்பி வந்து, கை இரண்டையும் ஆட்டி என்னென்னவோ நெடுநேரம் சொல்வாள், அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சித்தி, அவ வருத்தப்படுதா" என்பான். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கே போகும்? போன தடவை அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து மெதுவாக ஒன்று கேட்டாள். முகிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "என்னப்பா கேட்டா?" "ஒண்ணுமில்ல சித்தி." "சொல்லுப்பா." "அம்மாவுக்கு என்னைத் தெரியுமா, இல்ல மூஞ்சி மட்டும்தான் தெரியுதான்னு கேக்கா." அன்றைக்கு மட்டும் அவன் சுருக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவள் கேட்டது நியாயம். அவள் சிரிப்பும் கோபமும் கேலியும் எல்லாம் அந்தப் பாஷையில்தான் செய்யப்பட்டிருக்கிறது, என்னிடம் மிச்சமிருப்பது மூக்கும் நெற்றியும். அவளுக்கும் நான் அப்படித்தானே. அவளுக்குத் தெரிந்த அம்மா வேறு ஒருத்தி, வேகமாகப் பேசுவாள், கிண்டல் செய்வாள், தொலைபேசியில் யார் திட்டினாலும் அசைய மாட்டாள். தென்காசியில் கட்டிலோரம் உட்கார்ந்து பூண்டு உரிக்கிற இந்தக் குழல்வாய்மொழியை அவள் பார்த்ததே இல்லை. "குற்றாலத்து அம்மன் பேரை வச்சிக்கிட்டு வாய் பூட்டிக்கிச்சின்னா அந்த அம்மைக்கில்லா கேவலம்" என்று அக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னாலேயே சொன்னாள், டாக்டர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன், வாய் ஒரு பக்கமாகத்தான் போனது.

நேற்றுச் சாயங்காலம் நடைப்பயிற்சிக்கு என்று அக்கா தெருமுனை அம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திருப்பணி நடக்கிறது, விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டி ஓலை வேய்ந்திருக்கிறார்கள், சுண்ணாம்பும் சிமென்ட்டும் மணக்கிறது, கருவறை பூட்டிக் கிடக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றினாள், நேரே பூட்டின கதவுக்கு முன்னால் போய் நின்றாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தாள், எனக்காகத்தான். குருக்கள் பக்கத்துக் கொட்டகையிலிருந்து, "உலகம்மக்கா, அம்மா அங்க இல்ல, இங்க இருக்கா" என்றார். பாலாலயம் செய்திருக்கிறார்கள். சிலையிலிருந்து சக்தியைக் கும்பத்துத் தண்ணீரில் இறக்கி, அங்கிருந்து அத்திப் பலகையில் வரைந்த படத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், வேலை முடிகிற வரைக்கும் பூசையெல்லாம் பலகைக்குத்தான், உள்ளே இருப்பது அதுவரைக்கும் வெறும் கல். "தெரியும் சாமி, காலு தானா இங்க வந்துட்டு" என்று அக்கா வெட்கப்பட்டாள். அவள் மட்டுமில்லை, தெருவே அப்படித்தான் செய்கிறதாம், பூட்டின கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத்தான் பலகைக்கு வருகிறார்களாம். "வந்தா வரட்டும், கும்பிட்டா வேண்டாம்னா சொல்லப் போறா" என்றார் குருக்கள், விபூதியை என் இடது கையில் போட்டு, பிறகு யோசித்து, எடுத்து வலது கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். நான் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய கல்லில் இவ்வளவு காலம் இருந்தது ஒரு குடம் தண்ணீருக்குள் அடங்கும், ஒரு முழப் பலகைக்குள் அடங்கும், பத்திரமாக இருக்கும், மறுபடியும் போய் ஏறிக்கொள்ளும் என்று யாருக்கு முதலில் தோன்றியது? எவ்வளவு தைரியம் அது. திரும்பி வருகிற வழியில் தலைக்குள் எதையோ சிந்தாமல் எடுத்துக்கொண்டு போகிறவள் மாதிரி மெதுவாக நடந்தேன். "கால் வலிக்கா?" என்றாள் அக்கா. இல்லை என்றேன்.

போன் அடிக்கிறது. அக்கா ஸ்பீக்கரில் போடுகிறாள், ரேவாவைக் கூட்டி வரப் போன அத்தானின் குரல் வளைவு வளைவாக வருகிறது. "ஆரியங்காவு தாண்டியாச்சு. புள்ளை ரெண்டு மட்டம் வாந்தி எடுத்துட்டு, இப்பம் கண்ணு முழிச்சு மலையைப் பாத்துக்கிட்டு வருது. நான் எல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் வாரேன், இது பாலம், இது ரப்பர் மரம், இது நான் டூட்டி பாத்த சப்-ஸ்டேஷன்னு." "அவளுக்கு என்ன புரியும்?" என்கிறாள் அக்கா. "தலையாட்டுதே." வைத்துவிட்டு என்னிடம் சொல்கிறாள், "உங்க அத்தானுக்குப் பாஷை எதுக்கு? அவரு பேசுததுக்கு எதுத்தாப்புல ஆள் இருந்தாப் போதும், காது வேணும்னு அவசியமில்ல." ஆரியங்காவு. அப்புறம் புளியரை, செங்கோட்டை, அப்புறம் வீடு. பயம் இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இன்னொரு தடவை அடைத்துக்கொண்டால், இந்தத் தமிழ்ச் சுவரும் போனால்? காலையில் விழித்தவுடன் எழுந்திருக்காமல் கண்ணில் படுகிறதையெல்லாம் பெயர் சொல்லிப் பார்க்கிறேன், உத்திரம், கொடி, துண்டு, ஜன்னல், ஜன்னலில் வெளிச்சம், ஒவ்வொன்றும் ஆஜர் என்று கை தூக்குகிறது, அப்போதுதான் கால் தரையில் வைக்கிறேன். இவ்வளவு நாள் இவையெல்லாம் சம்பளமில்லாமல் எனக்கு வேலை செய்தன, நான் ஒரு நாள் திரும்பிப் பார்த்தது கிடையாது. ரேவாவிடம் என்ன சொல்வது? ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம்? வந்தவுடன் சொல்லிவிட வேண்டும், யோசிக்காமல், அது இருக்கும்போதே. ரெஸ்டோர். இருக்கிறது. அவள் புரிந்துகொள்வாளா, நீ என்னும் ஆளை எனக்கு யாராவது எடுத்துத் திரும்ப வையுங்கள் என்று நான் கேட்கிறதாக? கிண்ணம் நிறைந்து பூண்டு உருண்டு தரையில் போகிறது. குனிந்து எடுக்கப் போகவில்லை. சாரல் ஜன்னல் கம்பியில் வரிசையாகத் துளி கட்டி நிற்கிறது, ஒன்று கனத்து இன்னொன்றைத் தொட்டு இரண்டும் சேர்ந்து விழுகின்றன.

கார் கதவு. வாசலில் அக்கா ஆலாத்தித் தட்டோடு நிற்கிறாள், "புள்ளையே நிக்க முடியாம நிக்குது, இவ சுத்துதா" என்று அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடுகிறார், "வாங்க, நீங்க வாந்தி எடுக்க வச்சுக் கூட்டியாந்த லெட்சணத்துக்குத்தான் சுத்துதேன்" என்கிறாள் அவள், நடுவில் ரேவா, முடி வெட்டியிருக்கிறாள், கன்னத்து எலும்பு தெரிகிறது, தட்டைப் பார்த்துப் பயந்து, தட்டுக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள். வந்து கட்டிக்கொள்கிறாள். தோளில் புளித்த வாடையும் ஏதோ பூ சோப்பும். பேசுகிறாள். என் காதோரம் வேகமாக, உடைந்து உடைந்து, ஒன்றும் புரியவில்லை. ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. ஓட்டின் மேல் மழை விழுகிற மாதிரி இருக்கிறது, இவ்வளவு அழகான சத்தமா அந்தப் பாஷை, அதற்குள்ளேயே குடியிருந்தபோது எனக்கு இது கேட்டதே இல்லையே. விலகி நின்று என் முகத்தைப் பார்க்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். "ரெஸ்டோர்" என்கிறேன். அவள் புருவம் நெரிகிறது. மறுபடியும் சொல்கிறேன், என் கை அவள் கன்னத்தில் இருக்கிறது, வலது கை, அதுவாகப் போயிருக்கிறது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, ஏதோ சொல்கிறாள், நீளமாக, அதன் நடுவில் என் வார்த்தை இருக்கிறது, இருண்ட தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிற மாதிரி அது மட்டும் தெரிகிறது, முன்னாலும் பின்னாலும் என்ன சொன்னாள் தெரியவில்லை. செய்வோம் என்றாளா, எதை என்று கேட்டாளா? நான் தலையாட்டுகிறேன். அத்தானுக்கு அவள் ஆட்டின மாதிரி. அவள் அதைக் கண்டுகொள்கிறாள். அவள் கண்ணில் ஏதோ ஒன்று இறங்கிப் பின்வாங்குவதை நான் பார்க்கிறேன், விருந்தாளியின் மரியாதை வந்து அந்த இடத்தில் உட்காருகிறது. "குளிக்கட்டும், முதல்ல குளிக்கட்டும்" என்கிறாள் அக்கா, துண்டை எடுத்து அவள் தோளில் போட்டு, பின்கட்டுக் குளியலறையைக் கையால் காட்டி, தண்ணீர் மோந்து ஊற்றுகிற மாதிரி நடித்துக் காட்டுகிறாள். ரேவா போகிறாள். தெரிந்த முதுகு, தெரிந்த நடை. மூஞ்சி மட்டும்தான். அவள் பயந்தது சரி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அழுகை வரும் என்று காத்திருக்கிறேன், அதுகூட வரவில்லை, என்ன சொல்லித் திட்டினால் வரும் என்று

தவளை, என்று ஒரு அலறல். வாளி உருளுகிற சத்தம். நான் நடக்கிறேன், ஊன்றுகம்பைக்கூட எடுக்கவில்லை, மழைக்காலத்தில் இந்தக் குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக ஏறி வந்துவிடும், அதற்காக இப்படியா கத்துவாள் ஒருத்தி, லெஸ்டரில் சிலந்திக்கும் இதே கூத்துதான், நாற்காலி மேல் ஏறி நிற்பாள். ரேவா கதவுக்கு வெளியே வந்துவிட்டாள், துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி, விரலை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போனால் மூலையில் அது தொண்டை துடிக்க உட்கார்ந்திருக்கிறது, பழுப்பு, கட்டை விரல் பெரிசு. வாளியோடு கிடந்த மக்கைக் கவிழ்த்து மூடி, அக்காவின் சோப்பு அட்டையை அடியில் தள்ளிச் செருகி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, வலது கை நடுங்குகிறது, விழுந்துவிடாதே சனியனே, பின்வாசல் படியில் போய்க் கவிழ்க்கிறேன். ஒரு கணம் உட்கார்ந்து யோசித்துவிட்டு வாழைக்குள் தாவிப் போய்விட்டது. "போயிட்டா? நல்லாப் பாத்தியா? வேற ஒண்ணும் இல்லையே?" என்கிறாள் ரேவா பின்னாலிருந்து. "போயிட்டு, ஒண்ணும் இல்ல, போய்க் குளி" என்கிறேன், திரும்பாமல், மக்கைக் கழுவிக்கொண்டே. கதவு சாத்துகிறது, தண்ணீர் விழுகிறது. அடுக்களை ஜன்னலிலிருந்து அக்கா எட்டிப் பார்க்கிறாள், கையில் கரண்டி. "ஏட்டி, இங்கிலீஷ்ல என்னமோ படபடன்னு கேட்டாளே அந்தப் பிள்ளை, என்னது?" "தவளை போயிட்டா, வேற ஒண்ணும் இல்லையேன்னு கேக்கா" என்கிறேன். சொல்லிவிட்டு நிற்கிறேன். அக்காவும் நிற்கிறாள், கரண்டியிலிருந்து சொதி ஜன்னல் கட்டையில் சொட்டுகிறது. குளியலறைக்குள் ரேவா தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்கிறாள், நான் ஈரத் தரையில், சத்தம் போடாமல், கதவுக்குப் பக்கத்தில் ஒரு அடி எடுத்து வைக்கிறேன்.